தண்ணீர் கட்டிய வாசல்

வீட்டுச் சாவியின் நுனியால் இன்னாசிமுத்து தளத்தைக் கீறிப் பார்த்தான். கோடு விழுந்தது. இன்னொரு தரம் அழுத்திக் கீறினான். சாம்பல் நிறப் பொடி கிளம்பிச் சாவியோடு வந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினான்; மாவாகப் போயிற்று. காங்கிரீட் போட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்நேரம் சாவிதான் தேய வேண்டும், தளம் தேயக் கூடாது. வாசல்படியில் உட்கார்ந்து இடது காலை நீட்டி வைத்திருந்தவன், யாராவது பார்க்கிறார்களா என்று வீதிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தக் கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தான். கோடு அழிந்தது. கை முழுக்கப் பொடி ஒட்டிக்கொண்டது.

கருமத்தம்பட்டியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீதி அது. இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் அங்கே ஜனங்களுக்கு என்னமோ ஏதோ என்று பதறும். இன்னாசிமுத்துவின் வீடு வீதியிலிருந்து கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. வாசல்படிக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம். ஒரு பக்கம் பாலுசாமியின் தறிக்கூடத்துச் சுவர், இன்னொரு பக்கம் யாரோ வாங்கிப்போட்டு மறந்துவிட்ட இடத்தின் காம்பவுண்டுச் சுவர். வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. உள்ளே போகவும் வெளியே வரவும் அந்தத் துண்டு நிலம்தான் வழி. அதில் தளம் போட்டு, மேலே தகரம் வேய்ந்து, வண்டிக்கு ஒரு ஷெட் என்பது திட்டம். தகரமும் இரும்புக் குழாய்களும் வந்து சுவரோரம் சாத்திக் கிடந்தன. வண்டி என்றால் கார் ஒன்றும் இல்லை. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய பழைய ஸ்கூட்டர். காந்திபுரத்தில் ஒரு பட்டறையில் கால் பிரேக்கைக் கைக்கு மாற்றிச் செய்துகொடுத்தார்கள்.

காலுக்கு என்ன ஆயிற்று என்பது வீதிக்கே தெரிந்த கதை. இன்னாசிமுத்து இருபது வருடம் பவுண்டரியில் மோல்டர். பம்ப்செட் வார்ப்புகளுக்கு மணலில் அச்சுப் பிடித்து, உருகிய இரும்பை அதில் ஊற்றுகிற வேலை. போன வருடம் ஒரு மழை நாளில் கூரை எங்கோ ஒழுகி, அத்தனை அச்சில் ஒரே ஒரு அச்சின் மேல் சொட்டியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் இவன் ஊற்றிவிட்டான். ஈர மணலில் உருகிய இரும்பு பட்டால் அது சும்மா இருக்காது. வெடித்து மேலே வந்தது. செருப்புக்குள் இறங்கிய இரும்பு இடது பாதத்தில் பாதியைக் கொண்டு போயிற்று. மிச்சத்தில் ஒரு பக்கம் கிள்ளினாலும் தெரியாது, மறுபக்கம் காற்றுப் பட்டாலும் தெரியும். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடப்பான். அன்றிலிருந்து தண்ணீர் என்றாலே அவனுக்கு ஆகாது. புண் எப்போதோ ஆறிவிட்டது, இருந்தாலும் குளிக்கும்போது அந்தக் காலைப் பாலிதீன் பையில் கட்டிக்கொள்வான். மழை மூட்டம் போட்டாலும் பை ஏறிவிடும். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மனைவி அற்புதம் ஒரு தரம் அதைப் பற்றிக் கேட்டதற்கு, "என்ர காலு, எனக்குத் தெரியும்" என்றான்.

நின்று ஊற்ற முடியாதவனுக்குப் பழைய இடத்தில் வேலை இல்லை. ஆனால் அரசூர்ப் பக்கம் சின்னதாக ஒரு பவுண்டரி நடத்திவந்த திருமலைசாமி ஆள் அனுப்பினார். பம்ப்புக்குள்ளே தண்ணீர் ஓடும் பாதைக்காக மணலிலேயே ஒரு உருவம் பிடித்து வைப்பார்கள், கோர் என்பார்கள். அந்த வேலையை உட்கார்ந்தே செய்யலாம்.

"உங்க கை சுத்தம் எனக்குத் தெரியுமுங்க," என்றார் திருமலைசாமி. "திருவிழா முடிஞ்ச திங்கக்கெழம வந்துருங்க. ஒண்ணே ஒண்ணு. காத்தால ஏழு மணிக்கு நீங்களா வந்து சேரோணும். தெனமும் யாராச்சும் கூட்டியாந்து எறக்கி உடோணும்னா தோதுப்படாதுங்க. இன்னொருத்தரும் கேட்டுட்டேதான் இருக்கறாரு."

"நானே வந்துருவனுங்க," என்றான் இன்னாசிமுத்து. வண்டி இருக்கிற தைரியத்தில் சொல்லிவிட்டான்.

சொன்ன வாரமே மழை வந்து அவன் வாயை அடைத்தது. வாசல் மண் களிமண். ஒரு மழைக்கே பிசைந்த மாவாகிவிடும். அற்புதம் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். பக்கத்து ஊரில் ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றுகிற வேலை அவளுக்கு, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகிற நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது. இவன் தனியாக வண்டியைக் கிளப்பி, படியை விட்டுக் கொஞ்ச தூரம் வந்திருப்பான், பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. முறுக்க முறுக்க இன்னும் இறங்கின. பாலுசாமியின் தறிக்கூடத்து ஆட்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். "நீங்க எறங்காதீங்கண்ணா" என்று சொல்லி, வண்டியோடு சேர்த்து அவனைத் தூக்கி வீதியில் கொண்டுபோய் வைத்தார்கள். "சப்பரத்துல மாதாவத் தூக்கறதாட்ட இருக்குது" என்றான் அதில் ஒருவன். நல்ல மனதோடு சொன்னதுதான். இன்னாசிமுத்துவும் கூடவே சிரித்தான். ஆனால் அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் நாலு பேர் தூக்கி வெளியே வைத்து, சாயந்தரம் நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தால் அது பிழைப்பா? ஒரு ஆள் கை படாமல் தான் இந்த வாசலைத் தாண்ட வேண்டும், தாண்டி வர வேண்டும். மழைக்காலம் இறங்குவதற்குள் காங்கிரீட் தளம் போட்டே தீருவது என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தான்.

காளிச்சாமி மேஸ்திரி இரண்டு சித்தாள் பெண்களோடு வந்தார். மண்ணை வெட்டி எடுத்து, கல் பரப்பி, கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திய வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதற்கப்புறம் அவர் சித்தாளைப் பார்த்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தரையை நனைக்கச் சொன்னார். படியில் உட்கார்ந்திருந்த இன்னாசிமுத்து ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிட்டான்.

"தண்ணியா? ஊத்தப் போற எடத்துல தண்ணியா?"

"ஆமாங்க. தரை நல்லாத் தண்ணி குடிச்சிருக்கோணுமுங்க. இல்லீனா கலவைல இருக்கறத உறிஞ்சிப்போடுமுங்க."

"மேஸ்திரி, நான் இருவது வருசமா ஊத்துனவன். ஈரத்து மேல ஊத்துனா என்னாகும்னு எனக்கே சொல்லித் தாரீங்களா?" என்று வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினான்.

காலைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? அந்த ஊர் மரியாதையில் இப்படி ஒரு சங்கடம் உண்டு. எதிரில் நிற்பவர் சொல்வது தப்பு என்று நன்றாகத் தெரிந்தாலும், முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராது. காளிச்சாமி தலையைச் சொறிந்தார். "சரிங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது காங்கிரீட் வேலையே அல்ல. பவுண்டரியில் அச்சு காய்வதற்கு நெருப்புக் காட்டுவது வழக்கம். இன்னாசிமுத்து தரையில் காய்ந்த தென்னை மட்டையைப் பரப்பிக் கொளுத்தினான். அச்சு மணலைக் கையில் பிடித்துப் பார்ப்பது வழக்கம், உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. கலவையையும் அப்படியே பிடித்துப் பார்த்து, ஒட்டாத பதம் வருகிற வரைக்கும் தண்ணீரைக் குறைக்கச் சொன்னான். ஊற்றும்போது காற்றுப் போவதற்கு அச்சில் கம்பியால் ஓட்டை குத்துவது வழக்கம், கம்பியும் வந்தது. பொரிமாவு போலிருந்த கலவையைக் கொட்டி இடித்து, நீளக் கம்பியால் அவன் குத்திக்கொண்டே போனதைப் பார்த்துச் சித்தாள் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "இந்த முறையில நான் எங்கயும் போட்டதில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காளிச்சாமி போய்விட்டார். பனி கூட இறங்கக் கூடாது என்று இன்னாசிமுத்து தார்ப்பாய் விரித்து மூடினான். ஒரு சொட்டுத் தண்ணீர் தளத்தில் படக் கூடாது என்று அற்புதத்துக்கும் கண்டிப்பான உத்தரவு. இரண்டு வாரம், பிள்ளை பெற்ற வீட்டைப் பார்த்துக்கொள்வது போல அவன் அதைப் பார்த்துக்கொண்டான்.

இப்போது அதைத்தான் சாவியால் கீறிவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

நடுவில் ஒரு விரிசல் மயிரிழையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வண்டியை ஏற்றினால் ஒரு மாதம் தாங்கும், அப்புறம் மழையும் சக்கரமும் சேர்ந்து தின்றுவிடும். அவன் எழுந்து உள்ளே போனான். கட்டிலுக்கடியில் பவுண்டரிக் காலத்துச் சுத்தியல் கிடந்தது, வார்ப்பில் ஒட்டியிருக்கும் உபரி இரும்பைத் தட்டிவிடுகிற கனத்த சுத்தியல். அதை எடுத்து வந்தான். படியில் உட்கார்ந்து, கைக்கெட்டிய இடத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான். பொத்தென்று உள்வாங்கியது.

தறிக்கூடத்திலிருந்து பாலுசாமி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க இன்னாசி, போட்டதையே ஒடைக்கறீங்க?"

"சரியா வரலீங்க."

"அதுக்கு ஒடைப்பாங்களா? மேல ரெண்டு விரக்கடை சிமெண்டு பூசி உட்டுப்போட்டா ஆருக்குங்க தெரியப்போகுது?"

"வண்டிக்குத் தெரியுமுங்க," என்றான் இன்னாசிமுத்து. அடுத்த அடியைப் போட்டான்.

ஓட்டை விழுந்த வார்ப்பில் மெழுகை அடைத்து, பெயிண்ட் அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அவன் ஒரு நாளும் செய்ததில்லை. உடைத்து உலையில் போட்டு மறுபடி ஊற்றுவான், சூப்பர்வைசர் கத்தினாலும் சரி. அந்தத் திமிர் இப்போது அவனுக்கு உதவியது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து உடைத்தான். துண்டுகள் ரொட்டியைப் பிட்டது போல உதிர்ந்தன. கல் தனியாகவும் பொடி தனியாகவும் வந்தன. வேர்வையில் பொடி ஒட்டி மேலெல்லாம் அரித்தது. அவமானமாக இருந்தது. வீதியில் போகிற ஒவ்வொருவரும் நின்று பார்த்துவிட்டுப் போனது இன்னும் அவமானம். ஆனாலும் கை நிற்கவில்லை.

பாலுசாமியின் சுவரோரம் இருந்த மூலைக்கு வந்தபோது சுத்தியல் திரும்பித் துள்ளியது. கணீர் என்று ஒரு சத்தம். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அவன் சுத்தியலைப் பார்த்தான், தளத்தைப் பார்த்தான், மறுபடி ஓங்கினான். மறுபடியும் கணீர். பல அடிக்குப் பிறகுதான் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்ப்பை உடைத்து அதன் முகத்தைப் படிப்பது அவனுக்குப் பழக்கமான காரியம். நடுவில் உடைந்த துண்டுகளில் கல் முழுசாகக் கழன்று வந்திருந்தது. இதில் கல்லே இரண்டாகப் பிளந்திருந்தது, கலவை அதை விடவில்லை. ஒரே நாள், ஒரே கலவை, ஒரே கை. இந்த மூலைக்கு மட்டும் என்ன வந்தது?

மதிய வெயிலில் அற்புதம் ஷிப்டு முடிந்து வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. வாசல் முழுக்க உடைந்து கிடந்ததைப் பார்த்து வீதியிலேயே நின்றுவிட்டாள். அவன் கேட்ட கேள்வி அவள் எதிர்பார்த்ததல்ல.

"அற்புதம், இந்த மூலைல நீ என்ன பண்ணுனே?"

அவள் முகம் மாறியது. சோற்றுத் தூக்குப் போசியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டாள். "பாத்தரம் கழுவுன தண்ணிய ஊத்துனனுங்க," என்றாள்.

"தெனமுமா?"

"தெனமும். ரெண்டு நேரமும்."

"ஒரு சொட்டுப் படக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. சாக்கடைக்குப் போற ஓட்டைய ஆருங்க காங்கிரீட்டு போட்டு அடைச்சது? பாத்தரம் கழுவுன தண்ணிய நான் குடிக்கவா? நீங்க பாக்கறப்ப வீதில கொண்டுபோய் ஊத்துனேன். பாக்காதப்ப தார்ப்பாயத் தூக்கிப்போட்டு இங்க ஊத்துனேன். இப்ப அதனாலதான் ஒடைஞ்சு போச்சுங்களா?" கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. இரண்டு வாரமாக அந்தப் பயத்தோடுதான் தூங்கியிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

அவன் இரண்டு துண்டுகளை நீட்டினான். "இதைய நசுக்கிப் பாரு." நடுவில் எடுத்த துண்டு அவள் விரலிலேயே உதிர்ந்தது. "இப்ப இதைய." மூலைத் துண்டை அவள் நசுக்கினாள், இரண்டு கையாலும் நசுக்கினாள், கல்லில் தட்டினாள்.

"தண்ணி குடிச்ச பக்கம் பொழைச்சிருக்குது," என்றான் இன்னாசிமுத்து. "குடிக்காத பக்கம் செத்துப்போச்சு."

அற்புதம் அவனையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் சட்டி கழுவுனதுதான் உங்க காங்கிரீட்டக் காப்பாத்துனதாக்கும்!" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். தலையிலிருந்த பஞ்சு பறந்தது. இருபது வருடத்து அனுபவத்தைக் கழுநீர் தோற்கடித்துவிட்டது. இன்னாசிமுத்துவுக்கு முதலில் காதெல்லாம் சூடாகியது. அப்புறம், அவனுக்கே ஏனென்று தெரியாமல், அவனும் சிரித்தான்.

சிரித்து முடித்ததும் நாள் நினைவுக்கு வந்தது. வருகிற ஞாயிறு திருவிழா, மறுநாள் வேலை. ஷெட்டின் பக்கச் சுவருக்கென்று எடுத்து வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகள் உள்ளே இருந்தன. "சொவுரு எதுக்கு? மேல தகரம் இருந்தாப் போதும்," என்றான். அன்று சாயந்தரமே ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு காளிச்சாமியின் வீட்டுக்கு அவனே போனான். ஆள் அனுப்பலாமே என்று அற்புதம் சொன்னதற்கு, உளறினது நான், போக வேண்டியதும் நான்தான் என்றான்.

"மறுக்கா போடோணுமுங்க மேஸ்திரி. இந்த வாட்டி நீங்க சொல்றபடி," என்றான்.

காளிச்சாமி அவனை உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார். "அன்னிக்கு வெயிலு கொஞ்சம் எச்சா அடிச்சுப்போச்சுங்க. அதனாலயா இருக்குமுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. உடைத்த துண்டுகளையே அடியில் பரப்பி இடித்தார்கள். சாக்கடைக்குக் குழாய் பதித்தார்கள். பாலுசாமி தன் போர் குழாயிலிருந்து ஓஸ் இழுத்துக் கொடுத்தார். காளிச்சாமி ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு அதை இன்னாசிமுத்துவிடம் நீட்டினார்.

"நீங்களே நனைங்க. போதும்னு நான் சொல்றனுங்க."

அவன் ஓஸை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தான். தண்ணீர் வெயிலில் காய்ந்த தரையில் விழுந்ததும் புஸ்ஸென்று குமிழி விட்டது. அந்தச் சத்தத்தை அவன் உடம்பு அறியும். கண்ணை இறுக மூடிக்கொண்டான். முதுகுத்தண்டு தானாகப் பின்னால் வளைந்தது, இரும்பு எழும்பி வரப்போகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்துக்கொண்டு. எதுவும் எழும்பவில்லை. மண் வாசனைதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது தண்ணீர் முழுக்க உள்ளே போயிருந்தது, தரை இன்னும் கேட்டது. "இன்னும் குடிக்கட்டுமுங்க," என்றார் காளிச்சாமி. அவன் மூலை மூலையாக நனைத்தான். அவர் போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு சுற்று நனைத்தான்.

கலவை விழத் தொடங்கியதும் அவன் வேறு ஆளாகிவிட்டான். பாதித் தளத்தில் சித்தாள்கள் டீக்கு உட்காரப் போனார்கள். "ஊத்த ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாதுங்க, பாதில நின்னா ஒட்டு விட்டுப்போயிரும்," என்று இன்னாசிமுத்து குரல் கொடுத்தான். காளிச்சாமி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அது இரும்புக்கும் உண்மை, இதற்கும் உண்மை. ஷிப்டுக்கு லீவு போட்டிருந்த அற்புதம் ஒவ்வொருவர் கையிலும் நின்ற இடத்திலேயே டம்ளரைக் கொடுத்து வாங்கினாள். மட்டப்பலகை இழுத்து, வீதிப் பக்கம் லேசாக வாட்டம் வைத்து, கோயில் மணி அடிக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது. யாரும் கம்பியால் குத்தவில்லை.

மறுநாள் காளிச்சாமி வந்து, தளத்தின் மேல் களிமண்ணால் வயல் போலச் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினார். வாசல்படியிலிருந்து வீதி வரைக்கும் தண்ணீர். "ஒரு வாரத்துக்கு இது வத்தக் கூடாதுங்க. அது வரைக்கும் வண்டி ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி ஏற்கெனவே வீதியில், பாலுசாமியின் தறிக்கூடத்து வாசலில் நின்றது. அதுவரை நடந்து போய்விட்டால் போதும். இன்னாசிமுத்து ஊன்றுகோலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான். பூசிய தளத்தில் அது சர்ரென்று வழுக்கியது. கதவு நிலையைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பான்.

"ஏனுங்க, திங்கக்கெழம காத்தால ஒருக்கா வரப்ப ஒடைச்சுத் தண்ணிய உட்டுப்போடலாமுங்க," என்றாள் அற்புதம். "சாக்கு விரிச்சு மெதுவா நடந்து போயிருங்க. பொழுதோட மறுக்கா கட்டிக்கலாம்."

"பகல் பூரா வெயில்ல காயுமே."

"ஒரு பகல்தானுங்க."

"ஒருக்கா காய உட்டது போதாதா?" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கூப்பிட்டான். "பாலுசாமியண்ணா!"

அவர் எட்டிப் பார்த்தார்.

"திங்கக்கெழம காத்தால ஆளுங்கள அனுப்புங்கண்ணா. என்னத் தூக்கி வீதில உடோணும். அந்த வாரம் பூராவும். பொழுதோட திரும்பி வாரப்பவும்." இதற்காகத்தானே இந்தத் தளமே? யார் கையும் படாமல் போவதற்காகப் போட்டதைக் காப்பாற்ற, யார் கையிலாவது ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது. நினைத்தால் எரிச்சலாக வந்தது, வந்தாலும் சொன்னதை அவன் திருப்பி வாங்கவில்லை.

"அதுக்கென்னுங்க," என்றார் பாலுசாமி.

ஞாயிறு சாயந்தரம் சப்பரம் வீதி வழியாக வந்தது. இன்னாசிமுத்து படியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டான். சீரியல் பல்புகளும் மாதாவின் நீல அங்கியும் பாத்திகளில் துண்டு துண்டாக விழுந்து, ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குத் தாவிப் போயின. வாசலில் கூட்டம் ஏறிவிடக் கூடாதே என்று அற்புதம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வீதியோரத்தில் நின்றாள். கோயிலுக்கு வந்தவர்கள் இவளென்ன வாசலில் வெள்ளாமை வைத்திருக்கிறாளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கள் காலை பாலுசாமியின் ஆட்கள் வந்தார்கள். சப்பரம் தூக்கிய தோள் இன்னும் சிவந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்கள். இன்னாசிமுத்து சலவைச் சட்டை போட்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான். காலில் பாலிதீன் பை கட்டியிருந்தது.

"நேத்து மாதா, இன்னிக்கு நம்ம அண்ணன்," என்றான் அன்றைக்குச் சொன்ன அதே ஆள்.

"மாதாவுக்குப் பூ போட்டீங்கல்ல, எனக்கு எங்கடா?" என்றான் இன்னாசிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலி உயர்ந்தது. இந்தத் தரம் அவனுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. வலிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

மேலேயிருந்து பார்த்தபோது தளம் முழுசாகத் தெரிந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது. அடியில் மட்டப்பலகை இழுத்த கோடுகள் வீதியை நோக்கி ஓடின, எங்கேயும் விரிசல் இல்லை. வீதியில் அற்புதம் ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் சோற்றுப் போசியுமாக வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் ஷிப்டுக்கு ஏற்கெனவே நேரம் தாண்டிவிட்டிருந்தது.

"சித்தெ நில்லுங்கடா," என்றான் இன்னாசிமுத்து.

"என்னங்கண்ணா, புடி சரியில்லீங்களா?"

"அதில்ல. கொஞ்சம் கீழ எறக்குங்க."

நாற்காலி தாழ்ந்தது. அவன் குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்தான். பையை உருவி மடியில் வைத்துக்கொண்டு, இடது காலைத் தொங்கவிட்டான். தண்ணீர் பட்டது. உணர்ச்சி இருந்த பக்கம் சில்லென்று ஏறியது, இல்லாத பக்கம் ஒன்றும் அறியாமல் கிடந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அடியில் தளம் கெட்டியாக இருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பாதத்திலிருந்து சின்ன அலை ஒன்று கிளம்பிப் போய், களிமண் வரப்பில் முட்டி, திரும்பி அவன் காலுக்கே வந்தது.